பேர் பதித்த பல் செட்

பல் கட்டுகிற பட்டறைக்குள் "ஒரு செட்டு" என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேல் தாடைக்குப் பதினாலு பல், கீழ்த் தாடைக்குப் பதினாலு பல், அவை உட்கார ரோஸ் நிறத்தில் இரண்டு ஈறு. மேல் மட்டும் செய்தால் அது அரை செட்டு. ஒற்றைப் பல் என்றால் அதற்குப் பேரே கிடையாது.

வெளியில் இருக்கிற ஜனங்கள்தான் அந்த வார்த்தையைக் கண்டபடி உருட்டுகிறார்கள். ஆறு கப்பு வாங்கி, நாலை உடைத்துவிட்டு, மிச்சம் இரண்டைக் காட்டி "டீ செட்டை எடு" என்பார்கள். வேலைவெட்டி இல்லாமல் சேர்ந்து சுற்றுகிற நாலு பேரைப் பார்த்து "அது ஒரு செட்டு" என்பார்கள். செட்டுக்காரருக்கு இதையெல்லாம் கேட்டாலே பல் கூசும்.

செட்டுக்காரர் என்பது தெருவில் அவருக்கு வைத்த பேர். ஐம்பத்தொரு வயது. மெலிந்த உடம்பு, காது மடலில் எப்போதும் பிளாஸ்டர் மாவுத் தூசி. ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த ஒற்றை ஜன்னல் அறையில் அவர் பட்டறை. ஒரு நீள மேசை, ஒரு கேஸ் அடுப்பு, வேகவைக்கப் பெரிய பானை, பளபளப்பாக்கத் துணிச் சக்கரம் மாட்டிய மோட்டார். சுவரில் ஆணியடித்து, அட்டையில் ஒட்டி விற்கிற செயற்கைப் பல், கார்டு கார்டாக. தெரியாதவர் உள்ளே வந்தால் சுவரே தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதென்று நினைப்பார்.

வீட்டில் அவருடைய இந்தச் செட்டுப் பைத்தியம் பிரசித்தம். ஒரு தட்டு உடைந்தால் மிச்சம் ஐந்தையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏங்க, நாம ரெண்டே பேரு. அஞ்சு தட்டு போதாதா?"

"ஒண்ணு கொறஞ்சா அது செட்டு இல்ல."

"அப்ப என் செருப்புல ஒண்ணு அந்துபோச்சு. இன்னொண்ணையும் யாருக்காவது குடுத்துடட்டுமா? அதுவும் செட்டு தானே?"

"அது ஜோடி."

"ஆமா, பெரிய வாத்தியாரு."

அவள் வாய் சிரிக்கும். ஆனால் அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியும். அதனால் மேலே பேச்சை வளர்க்க மாட்டாள்.

இருபத்திமூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரிலேயே பெரிய பல் பட்டறையில் வேலை பார்த்தார். பத்துப் பேர் வேலை செய்த இடம். அவர்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். எந்நேரமும் வாயின் இடது ஓரத்தில் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு, அந்தப் பென்சில் கீழே விழாமலே ஒருத்தரைத் திட்டி முடிக்கிற திறமைசாலி. மோசமான தொழிலாளி என்று சொல்ல முடியாது. கைவேலை நன்றாகவே தெரியும். அடுத்தவர் கையை மட்டும் மதிக்கத் தெரியாது.

மெழுகில் பல்லை வரிசையாக நிறுத்தி, டாக்டர் சரிபார்த்து அனுப்பிய பிறகு, அதைப் பித்தளைக் கூட்டுக்குள் மாவு ஊற்றி மூடுவார்கள். மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் மாவை அடைத்து வேகவைப்பார்கள். எந்தக் கூடு யாருடையது என்பது மேலே கட்டியிருக்கிற நம்பர் சீட்டில்தான் இருக்கும். சீட்டு அவிழ்ந்தால் ஆள் மாறிவிடும்.

ஒருநாள் சூப்பர்வைசர் எங்கோ போகிற அவசரத்தில், வெந்த கூடுகளைத் தட்டில் வைத்துத் தூக்கினார். தட்டு சாய்ந்து நாலு கூடும் தரையில் விழுந்தன. இரண்டில் சீட்டு கழன்றுவிட்டது. அவர் குனிந்து, பென்சிலைக் கடித்தபடியே, எதை எதனோடு என்று யோசிக்காமல் சீட்டைக் கட்டினார். செட்டுக்காரர் அப்போது இருபத்தெட்டு வயது ஆள், பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது மாறிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"உன் வேலையைப் பாருடா. நான் பாத்துக்கறேன்."

நான்கு நாள் கழித்து ஒரு அம்மாள் வாயெல்லாம் புண்ணோடு டாக்டரிடம் வந்து உட்கார்ந்தார். மேல் பல் அவருடையது, கீழ்ப் பல் யாருடையதோ. அதே நேரம் இன்னொருத்தர் ஊரின் வேறு ஒரு மூலையில் அதே கதையோடு. டாக்டர் பட்டறைக்கே வந்து கத்தினார். சூப்பர்வைசர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் பென்சிலை எடுத்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பென்சிலாலேயே செட்டுக்காரரைக் காட்டினார்.

"இவன்தான் சார். செட்டை மாத்திக் கட்டிட்டான்."

அன்று மாலைக்குள் வேலை போனது. வேலை போனதோடு நிற்கவில்லை. சூப்பர்வைசருக்குக் கேலி நாக்கு உண்டு. "வந்தாரய்யா மாத்து செட்டு" என்று அவர் சொன்னதுதான், பல் கார்டும் மாவும் விற்கிற டிப்போவில் ஒட்டிக்கொண்டது. டிப்போவில் ஒட்டினால் ஊரில் உள்ள எல்லாப் பல் டாக்டருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எங்கே போய் வேலை கேட்டாலும், "ஓ, மாத்து செட்டா?" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆறு வருஷம் அவர் மூட்டை தூக்கினார், வாட்ச்மேனாக நின்றார். மனைவி சலவைக்கடையில் ஈரத்துணி மடித்து மடித்து விரல் நகம் ஒவ்வொன்றாய்ச் சொத்தையானது. அப்புறம்தான் வெளியூர் டாக்டர்களுக்குச் சின்னச் சின்ன வேலை செய்து, இந்த ஒற்றை ஜன்னல் அறைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் கடவுள் பயம் உள்ளவர். காலையில் பட்டறை திறந்ததும் ஜன்னல் பக்கம் நின்று கைகூப்பிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். யாருக்கும் கெடுதல் நினைக்காதே என்று மனசுக்குச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் அந்தப் பென்சில் ஞாபகம் வரும். இருபத்திமூன்று வருஷமாக இப்படித்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். பழைய பேர் எதுவும் அவருக்குத் தெரியாது. செட்டுக்காரரின் கை சுத்தத்தைப் பார்த்து எல்லா வேலையையும் அவரிடமே கொடுத்தார். ஊர் ஓரத்தில் இருக்கிற முதியோர் இல்லத்துக்கும் டாக்டரம்மாதான் பல் பார்ப்பது.

அந்த இல்லத்தில் போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. பதினாலு பேருடைய செட்டையும் ஆயா ஒரே பேசினில் போட்டுக் கழுவி, யாருடையது எதென்று தெரியாமல் மேசைமேல் பரப்பிவிட்டாள். மூன்று நாள் ஒரு தாத்தா பக்கத்துக் கட்டில்காரர் பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு செட்டிலும் பேர் இருக்க வேண்டும். சின்னத் தாளில் பேரை எழுதி, மேல் பல்லில் அண்ணத்தில் ஒட்டுகிற பக்கமும், கீழ்ப் பல்லில் நாக்குப் பக்கமும் வைத்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி தெளிந்த மாவைப் பூசி வேகவைத்துவிட வேண்டும். கழுவினாலும் போகாது. சுரண்டினாலும் போகாது. ஆயா இன்றைக்கும் ஒரே பேசினில்தான் கழுவுகிறாள். ஆனால் காலைச் சாப்பாட்டு மணி அடித்ததும், ஒவ்வொன்றாய் எடுத்துத் திருப்பிப் பேரைப் படித்துக் கூப்பிடுவாள். கை தூக்குகிறவருக்குப் பல். பல் வந்தவருக்குத் தட்டு.

ஒரு திங்கட்கிழமை அந்த இல்லத்திலிருந்து புது வாய் அச்சு ஒன்று வந்தது. கூடவே டாக்டரம்மாவின் சீட்டு. செட்டுக்காரர் பேரைப் படித்தார். மறுபடி படித்தார். ஒரே பேரில் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆனால் முன்னெழுத்து இரண்டும் அதே. சந்தேகம் தீர, கடிப்பளவு எடுத்த மெழுகை அச்சுக்கு நடுவில் வைத்து மேலும் கீழும் சேர்த்துப் பார்த்தார். கீழ்த் தாடை இடது பக்கம் ஒரு நூல் அளவு இழுத்துக்கொண்டு நின்றது. முப்பது நாற்பது வருஷம் அந்த ஓரத்தில் ஏதோ ஒன்றைக் கடித்துக்கொண்டே பேசின வாய்.

அவர் அச்சை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சந்தில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டில் கீழே டாக்டரம்மா இன்னொரு வரி எழுதியிருந்தார். "இதே பேரில் இல்லத்தில் இன்னொருத்தர் இருக்கிறார். குழம்பாமல் இருக்க, பேருக்குப் பதில் வேறு ஏதாவது அடையாளம் போடவும்."

அதை அன்றைக்கு அவர் சரியாகப் படிக்கக்கூட இல்லை. கண் பேரிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தது அப்படியே மடியில் நின்றது.

"பல்லெல்லாம் போயிடுச்சா அந்த ஆளுக்கு?"

"ஒண்ணுகூட இல்ல. பொக்கை."

"நல்லா வேணும்." அவளும் சாது. கோயில் வாசலில் எறும்பைத் தாண்டிக் கால் வைக்கிறவள். "ஏங்க, ஒரே ஒரு பல்லை மட்டும் கொஞ்சம் உசத்தி வச்சுடுங்களேன். கடிக்கும்போதெல்லாம் உச்சந்தலைக்கு ஏறட்டும்."

"அது பாவம்டி."

"என் நகத்தைப் பாருங்க. இது பாவமில்லையா?"

அவர் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆன நகம்.

மறுநாள் மெழுகில் பல் நிறுத்தினார். முன்பல் ஆறும் அழகாக அமைந்தன. பின்பல் வந்தபோது, கை தானாக, கீழே இடது பக்கத்துப் பெரிய பல்லைத் தாள் கனத்துக்கு உயர்த்தி நிறுத்தியது. சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்தார். டொக் என்று அந்த ஒரு பல் மட்டும் முட்டியது. அந்தச் சத்தம் காதுக்கு இனித்தது. மூன்று தரம் கடிக்கவைத்துக் கேட்டார். அந்த ஆள் முகம் சுளிப்பது, கையால் கன்னத்தைப் பிடிப்பது, தட்டைத் தள்ளிவிடுவது எல்லாம் கண்முன்னால் ஓடின.

அப்புறம் இன்னொன்றும் ஓடியது. அந்த ஆள் டாக்டரம்மாவிடம் போவார். "எவன்மா இதைச் செஞ்சான்?" என்பார். டாக்டரம்மா பேரைச் சொல்வார். அந்த ஆள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பார். "அவனா? நான் அன்னைக்கே சொன்னேனே, அவனுக்கு ஒரு செட்டு உருப்படியாச் செய்யத் தெரியாதுன்னு."

செட்டுக்காரர் சூடான கத்தியை எடுத்து அந்தப் பல்லை அதன் இடத்துக்கு இறக்கினார். இந்தச் செட்டு கெட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும். இருபத்திமூன்று வருஷம் பொய்யாக இருந்த ஒன்றை, தன் கையாலேயே மெய்யாக்குவதா? பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இழுத்துக்கொண்டு நிற்கிற அந்தத் தாடைக்கு ஏற்ப ஒவ்வொரு பல்லையும் நூல் நூலாகத் திருப்பினார். தன் சொந்த அப்பாவுக்குக்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. டாக்டரம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு இடமும் தொட வேணாம்ணே, அப்படியே முடிச்சுடுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

பித்தளைக் கூட்டில் ரோஸ் மாவு அடைக்கிற அன்றுதான், பேர்ச் சீட்டு எழுத வேண்டும் என்று டாக்டரம்மாவின் சீட்டை மறுபடி எடுத்தார். பேருக்குப் பதில் வேறு ஏதாவது அடையாளம் போடவும்.

அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். இல்லத்துச் சாப்பாட்டு அறையை அவர் பார்த்திருக்கிறார். ஆயாவின் குரலையும் கேட்டிருக்கிறார். அது நாலு அறை தாண்டிக் கேட்கிற குரல்.

"கடவுளே, நீதான் கேட்டே. நான் கேக்கல" என்றார் ஜன்னலைப் பார்த்து.

பேனா மை அந்த மாவின் திரவத்தில் கரைந்து ஓடிவிடும். பென்சில் எழுத்துதான் நிற்கும். ஒரு பென்சிலைச் சீவிச் சீவி ஊசி மாதிரி ஆக்கினார். மெல்லிய தாளில், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எழுதினார். மாத்து செட்டு. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. செட்டாக.

தாளை இடுக்கியால் எடுத்து மாவின்மேல் படுக்கவைத்து, தெளிந்த மாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கூட்டை மூடி இறுக்கினார். பானைத் தண்ணீரில் கூடு வேகிற நேரம் முழுக்க ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஒரு சீராகச் சலசலத்தது.

செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டாக்டரம்மா திருப்பிப் படித்தார்.

"என்னண்ணே இது? பட்டப்பேரா?"

"ஆமாம்மா. நாங்க ஒரே பட்டறையில வேலை பாத்தோம். அந்தப் பேரை வச்சதே அவருதான்."

"அவருக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதே?"

"இந்தப் பேரைக் கூப்பிட்டா அந்த ஹால்ல அவர் ஒருத்தருக்குத்தாம்மா புரியும். வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

டாக்டரம்மா சிரித்தார். செட்டுக்காரர் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை.

புதுச் செட்டு போட்டவர்களுக்கு எங்கேயாவது உரசுகிறதா என்று பத்தாம் நாள் போய்ப் பார்ப்பது வழக்கம். சாதாரணமாக டாக்டரம்மாதான் போவார். "இந்தத் தடவை நான் போறேம்மா" என்று அவர் கேட்டுக்கொண்டார். சட்டைப் பையில் சின்ன அரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலை மணி அடிக்கிற நேரத்துக்கு இல்லத்துச் சாப்பாட்டு அறையில் போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீளமான அறை. நாலு மேசை. பிளாஸ்டிக் விரிப்பு. ஜன்னல் வெயிலில் ரொட்டி வாட்டுகிற வாசனை. பல் இருக்கிறவர்கள் முன்னாலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மற்றவர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி ஆயாவின் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் மூன்றாவது மேசையில். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. செட்டுக்காரர் ஒரு கணம் ஆளையே தப்பாகப் பார்க்கிறோமோ என்று நினைத்தார். அப்புறம் அந்த ஆள் வாயின் இடது ஓரத்தில், ஒன்றும் இல்லாமலே, எதையோ மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தார்.

ஆயா ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டாள். பஸ் டிரைவர் தாத்தா வாங்கிக்கொண்டார். தையல் பாட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு செட்டைத் திருப்பிப் பார்த்து, ஆயாவுக்கே சிரிப்பு வந்தது.

"மாத்து செட்டு."

யாரும் கை தூக்கவில்லை. மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. எல்லோரும் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"மாத்து செட்டு. மாத்து செட்டு யாருப்பா?"

"தாத்தா, உங்களைத்தான்" என்றாள் தையல் பாட்டி, புதிதாகப் போட்ட பல்லோடு. "தினம் இதே பாடா? கையைத் தூக்குங்க. ரொட்டி ஆறுது."

சூப்பர்வைசரின் கை மேசை விளிம்பிலிருந்து எழுந்தது. முழுக் கையும் இல்லை. இரண்டு விரல்.

இருபத்திமூன்று வருஷமாகச் செட்டுக்காரர் பார்க்கக் காத்திருந்தது அந்த இரண்டு விரலைத்தான். ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. அவர் எழுந்துபோய், ஆயா கையிலிருந்து செட்டைத் தானே வாங்கி, மூன்றாவது மேசைக்குக் கொண்டுபோனார்.

"உரசுதான்னு பாக்க வந்தேன் சார்."

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். கண் சுருங்கி, பிறகு விரிந்தது. பொக்கை வாயிலிருந்து ஏதோ குழைந்து வழிந்தது. எடுத்துடு என்று சொன்னாரோ என்னவோ.

"புரியல சார். போட்டுக்கிட்டுச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. அவர் கீழ்ப் பல்லை முதலில் வைத்தார், மேல் பல்லை அப்புறம் வைத்தார். பூட்டுக்குச் சாவி மாதிரி போய் உட்கார்ந்தன.

"எடுத்துடுடா இதை" என்றார். வார்த்தை கல் மாதிரி தெளிவாக விழுந்தது.

"எதை சார்?"

"அந்தப் பேரை."

தையல் பாட்டி இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். "நீங்கதான் இதைச் செஞ்சவரா தம்பி? நாங்களும் பத்து நாளாக் கேக்குறோம், ஏன் அந்தப் பேருன்னு. யாரோ விளையாட்டுக்கு வச்சதுன்னு மழுப்புறாரு."

"விளையாட்டுதாம்மா. யார் வச்சதுன்னு கேட்டீங்களா?"

"அதைச் சொல்ல மாட்டேங்கறாரே."

செட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவசரமே இல்லாதவர் மாதிரி. "சொல்லுங்க சார். பல்லுதான் இருக்கே இப்ப."

சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்தார். ஆயா பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் பல் வராதவர்கள்கூடத் தங்கள் பேருக்கு அவசரப்படவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றார் மெல்ல. "எனக்கில்ல. இவனுக்கு."

"எதுக்காம்?" என்றாள் பாட்டி.

"ரெண்டு பேரு செட்டை மாத்திக் கட்டிட்டான்னு."

"மாத்தினது யாரு சார்?"

வாட்டின ரொட்டியின்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. சூப்பர்வைசர் அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு பல்லும் ஒன்றோடொன்று இறுகுவது கன்னத்தில் தெரிந்தது. ஒரு பல்கூட முட்டவில்லை என்பதைச் செட்டுக்காரர் அந்த நேரத்திலும் கவனித்தார்.

"நான்."

"அவங்களுக்குக் கேக்கல."

"நான்தான்யா. தட்டைக் கீழ போட்டேன். சீட்டு அவுந்துபோச்சு. குருட்டாம்போக்குல எடுத்துக் கட்டினேன். மாறிடுச்சுன்னு இவன் சொன்னான். வாயை மூடுன்னேன். அப்புறம் இவனையே காட்டிட்டேன்." மூச்சு வாங்கியது. "இவன் ஒரு தப்பும் பண்ணல."

பஸ் டிரைவர் தாத்தா, "அட மனுஷா" என்றார், மேசையைப் பார்த்து.

"சொல்லிட்டேன்ல" என்றார் சூப்பர்வைசர். குரல் கெஞ்சியது, ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அந்த நல்ல பல்லைத் தாண்டி வரவில்லை. "இப்ப எடுத்துடு. அரம் வச்சிருக்கே. பாக்கெட்ல தெரியுது."

செட்டுக்காரர் பையைத் தொட்டுப் பார்த்தார். அரம் இருந்தது. பத்து நிமிஷ வேலை. மேல் பூச்சைத் தேய்த்துத் தாளை எடுத்து, புது மாவு வைத்துவிடலாம். மன்னிக்கிறவன் பெரியவன் என்று அவர் எத்தனை தரம் பிரார்த்தனையில் கேட்டிருக்கிறார். கை பையிலேயே நின்றது.

"சார், உங்களுக்குத் தெரியாத வேலை இல்ல. நல்லாச் செஞ்ச ஒரு செட்டு எத்தனை வருஷம் வரும்?"

சூப்பர்வைசர் நாக்கால் உள்ளே ஒரு சுற்று தடவிப் பார்த்தார். இந்த ஒன்றில் மட்டும் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஏழு, எட்டு. இது இன்னும் ஒரு வருஷம் கூடவே வரும்."

"எனக்கு அந்தப் பேரு இருபத்திமூணு வருஷம் வந்துச்சு."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்டா."

"அப்ப உங்களுக்குக் கம்மிதான் சார்."

எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினார். "எங்கயாவது உரசினா சொல்லி அனுப்புங்க. உடனே வந்து பாக்கறேன்." ரொட்டித் தட்டை அந்த ஆள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே வந்தார். பின்னால் ஆயா அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். "மன்னிக்கச் சொல்லாதே, கடவுளே" என்றார் வாய்க்குள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் நீ சொல்லு, நான் கேக்கறேன்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

மனைவி நடந்ததையெல்லாம் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் இரண்டு தரம் சொல்லவைத்தாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஆளால நல்லாச் சாப்பிட முடியுதா?"

"வறுத்த கடலைகூடக் கடிக்கலாம்."

"அப்ப சரி" என்று மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். "சாப்பிடட்டும். தினமும் சாப்பிடணும்ல."

அந்த வாரக் கடைசியில் அவர் பல் கார்டு வாங்க டிப்போவுக்குப் போனார். இரண்டு டாக்டர்கள் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார்கள். டிப்போக்காரர், மனசில் ஒன்றும் இல்லாமல், வருஷக்கணக்காய் வாய்க்குப் பழகிப்போனபடி கேட்டார்.

"என்னய்யா மாத்து செட்டு, எத்தனை கார்டு?"

செட்டுக்காரர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டார். முன்பெல்லாம் இந்த இடத்தில் தலையைக் குனிந்து கார்டை எண்ணுவார்.

"அவர் இப்ப முதியோர் இல்லத்துல இருக்காரு" என்றார். "காலை மணிக்குப் போங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கை தூக்குவாரு."

டிப்போக்காரர் ஒன்றும் புரியாமல் டாக்டர்களைப் பார்த்தார். "யாரு?"

"போய்க் கேளுங்க. இப்ப அவருக்குப் பல்லு இருக்கு, தெளிவாச் சொல்லுவாரு." கார்டு வரிசையைக் காட்டினார். "எனக்கு ரெண்டு செட்டு குடுங்க. முழுசா."